குழாய்க்கு முன்னால் வந்த கூட்டம்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று ஏறிவரும் பாதை டயகமத் தோட்டத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அப்பால் தேயிலை நின்று காடு தொடங்கும். காட்டுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. அந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா டயகமவுக்கு வரும்போது சுத்தமாகத்தான் வருகிறது. டயகமவைத் தாண்டும்போது எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. அந்தத் தண்ணீர் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மின் திட்டம் அது. அதற்குக் கீழே கொத்மலை அணை, பிறகு மகாவலி, பிறகு கண்டியில் வீட்டுக் குழாய்களில் வரும் குடிநீர். டயகமவில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் தோண்டிய மலக்குழிக்கும் டயகம என்ற பெயரையே கேட்டிராத ஒருவர் வீட்டுக் குவளைக்கும் இடையில் தூரம் அதிகம். ஆனாலும் இரண்டுக்கும் இடையில் ஓடுவது ஒரே தண்ணீர்.

இந்த மலையில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. டயகமவுக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல இது. இலங்கையில் அப்படிப்பட்ட குழாயோடு வீட்டை இணைத்திருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். கொழும்பில் வெள்ளைக்காரன் காலத்திலேயே போட்ட குழாய்கள் இருக்கின்றன. கண்டிக்கு ஜப்பான் கடனில் 2010இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அந்த மாதிரித் திட்டத்தில் தெருவைத் தோண்டுவது பாதி வேலைதான். ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பார்த்து, “உங்கள் வீட்டுக் குழாயை எங்கள் குழாயோடு சேர்க்கச் சம்மதமா, மாதக் கட்டணம் கட்டுவீர்களா” என்று கேட்க வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால் கோடிக்கணக்கில் கொட்டிய குழாய் வெறுங்குழாயாகக் கிடக்கும். அதனால்தான் எந்த ஊரிலும் பொறியியலாளரோடு கூடவே மக்களோடு பேசும் ஆளையும் அனுப்புகிறார்கள்.

தோட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. இங்கே குழாய் வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே பேச ஆள் வந்துவிட்டார். குழியும் குழாயும் தண்ணீரும் பிந்தின. புத்திமதி மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை.

1916ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிய வருடம் அது. முதலில் மாத்தளைப் பக்கம். ஈரமண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தொங்கிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் வற்றிய ஆள் மலையேற மாட்டான், கொழுந்து குறையும். தோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரிந்தது. கீனோபோடியம் எண்ணெயைக் குடிக்கவைத்தார்கள். புழு போயிற்று. சில மாதங்களில் திரும்பி வந்தது. மலம் விழும் இடம் மாறாதவரை மருந்து எத்தனை தடவை குடித்தாலும் அப்படித்தான். அதை அறக்கட்டளையின் டொக்டர்களும் அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் மலசலகூடம் கட்டுங்கள் என்று கேட்டார்கள். தோட்டக்காரர்களோ செலவைப் பார்த்தார்கள். “கட்டிக் கொடுத்தாலும் இந்த ஆட்கள் போக மாட்டார்கள்” என்பது அவர்கள் வைத்த வாதம். கட்டிக் கொடுக்காமலே தெரிந்துகொண்ட உண்மை!

இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிகளுக்குக் கடலைத் தாண்டுமுன்பே மண்டபம் முகாமில் புழுமருந்து கொடுத்து, சுத்தப்படுத்தி, கப்பலேற்றினார்கள். சுத்தம் என்பது தோட்டத்துக்கு வரும் ஆளின் உடம்பில் செய்ய வேண்டிய காரியமாக ஆரம்பத்திலேயே தீர்மானமாகிவிட்டது. அவர் வந்து சேரும் இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டியது யார் என்ற கேள்வி கப்பலில் ஏறவில்லை.

அந்த இடம் எப்படி இருந்தது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு விறாந்தை, அதிலேயே அடுப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்சுவரில் சன்னல் வைக்கவும் வழியில்லை. லயத்துக்கு முன்னால் கான். அந்தக் கானில் அரிசி கழுவிய தண்ணி, பிள்ளை கழுவிய தண்ணி, மழைத் தண்ணி எல்லாம் ஓடும். குளிக்கவும் குடிக்கவும் பீலி. தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் போடும்போது ஒரு வரிசை இருந்தது. முதல் குழாய் துரையின் பங்களாவுக்கு, அடுத்தது தேயிலை ஸ்டோருக்கு, மிச்சமிருந்தால் பீலிக்கு.

கக்கூஸ் லயத்திலிருந்து தள்ளி, பல குடும்பத்துக்குப் பொதுவாக, ஒரு வரிசையாக இருக்கும். வாளி வைத்த கக்கூஸ் இருந்த தோட்டங்களில் விடிகாலையில் வாளியைத் தூக்கிக் கொட்ட ஒருவர் இருந்தார். வேலைக்கு வந்தவர்களைப் பதியும் பெரட்டுப் புத்தகத்தில் அவருக்கும் பேர் விழும். வாசல் கூட்டி, கான் கழுவி, வாளி தூக்கிய அந்த வேலையை எந்தச் சாதிக்கு ஒதுக்கினார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குக் கடைசி லயம், சில தோட்டங்களில் தனி லயம். துரைக்கு இதில் சிரமமே இல்லை. கங்காணி ஊரிலிருந்தே அந்த ஏற்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சுகாதாரம் பேசிய எந்தப் பிரசுரத்திலும் இந்த மனிதர் வருவதில்லை. கக்கூஸ் தானாகவே காலியாவதுபோலத்தான் எழுதினார்கள்.

பெண்களின் பாடு வேறு. இருட்டில் அட்டைக்கும் மழைக்கும் நடுவே அவ்வளவு தூரம் போக முடியாது. டயகம மாதிரிக் காட்டோரத் தோட்டத்தில் சிறுத்தைப் பயமும் உண்டு. விடியுமுன் ஒருதரம், இருட்டியபின் ஒருதரம் என்று உடம்பைப் பழக்கிக்கொண்டார்கள். மலையில் கொழுந்தெடுக்கும் எட்டு மணி நேரத்துக்குத் தேயிலைத் தூர்தான் மறைவு. தண்ணீர் குறைவாகக் குடித்தால் அந்தத் தேவையும் குறையும் என்று அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மூத்திரக் கடுப்புக்கு மருந்து கேட்டு நின்ற பெண்களுக்கு, “தண்ணி நிறையக் குடி” என்று மருந்தையா சொல்லியனுப்புவார். அவர் சொன்னது சரிதான். எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை, சொல்வது அவர் வேலையும் இல்லை.

அன்றைக்குச் செய்தி வந்த விதமும் தனி. தப்படித்துச் சொல்வது ஒன்று. பெரட்டுக்களத்தில் துரை இரண்டு வரி சொல்ல, கணக்கப்பிள்ளை அதை நாலு வரியாக்கி, கங்காணி அதட்டலாக்குவது மற்றொன்று. “கான்ல அசிங்கம் பண்ணினா பேர் வெட்டு”, அதாவது அன்றைய சம்பளம் இல்லை, என்றால் முடிந்தது அறிவிப்பு. அதைக் கேட்டு நின்றவருக்குத் திருப்பிக் கேட்க ஓர் இடம் வேண்டுமே! கிராமத்துக்காரருக்குக் கிராம சபை இருந்தது. 1937இல் வந்த கிராமச் சமூகங்கள் சட்டத்தில் தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு அந்தச் சபைக்கான வாக்கே இல்லை. 1948இல் குடியுரிமையும் போனது. கானுக்கு மூடி போடச் சொல்லிக் கேட்க மெம்பர் கிடையாது, மெம்பரைத் தேர்ந்தெடுக்க வாக்கும் கிடையாது. தொழிற்சங்கம் வந்த பிறகு தலைவர் கேட்டார். ஆனால் சங்கத்தின் சண்டை பெரும்பாலும் சம்பளத்தோடும் பேரோடும் நின்றது. கக்கூஸ் கோரிக்கைப் பட்டியலின் அடியில் கிடந்தது. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் ஆம்பளைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது. பெயர்ப் பலகை மாறியது. லயம் மாறவில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து வெளிநாட்டு உதவியில் சமூக நல வேலைகள் தொடங்கின. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனபோது, வீடும் சுகாதாரமும் பார்க்கத் தனி நிறுவனம் ஒன்று உருவாயிற்று. இன்றைக்குப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று நீட்டி எழுதும் அதை லயத்தில் எல்லோரும் ‘ட்ரஸ்ட்’ என்றுதான் சொல்வார்கள். வளைந்த கழுத்தில் தண்ணீர் நின்று நாற்றத்தையும் ஈயையும் அடைக்கும் கோப்பை வைத்த கக்கூஸ் தோட்டங்களில் பரவியது இந்தக் காலத்தில்தான். கூடவே போஸ்டரும் வந்தது. பிள்ளைக்காம்பராச் சுவரில் கை கழுவும் படம், டிஸ்பென்சரிச் சுவரில் ஈ மொய்க்கும் சோற்றின் படம்.

அந்தக் கோப்பை வேலை செய்ய ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் பீலியில் இருக்கிறது. பீலி கீழே, கக்கூஸ் மேலே. குடிக்கத் தூக்குகிற தண்ணீரோடு இதற்கும் சேர்த்துத் தூக்க வேண்டியவள் வீட்டுப் பெண். சில மாதங்களில் கக்கூஸுக்குள் விறகு அடுக்கியிருக்கும், இல்லாவிட்டால் கோழி அடைந்திருக்கும். பார்க்க வந்த அதிகாரி அறிக்கையில், ‘மக்களிடம் விழிப்புணர்வு போதாது’ என்று எழுதிக்கொண்டு போவார். அடுத்த வருடம் விழிப்புணர்வுக்குப் பணம் ஒதுக்குவார்கள். குழாய்க்கு ஒதுக்க மாட்டார்கள். போஸ்டர் மலிவு.

மருந்தும் அப்படித்தான். 1990களின் நடுவிலிருந்து பத்தாண்டுக் காலம் பெருந்தோட்டப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு 2009இல் தோட்டப் பாடசாலை மாணவர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 29 பேர் வயிற்றில் புழு இருந்தது. கொக்கிப்புழுவைவிட வட்டப்புழு அதிகம். கறுத்த ஈரமண்ணில் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 1916இல் மாத்தளையில் ஒரு தடவை படித்த பாடத்தை 2009இல் இன்னொரு தடவை படித்தார்கள்.

இன்றைக்கு வருவோம். தப்பு போய் ஆட்டோவில் ஒலிபெருக்கி வந்தது. அதுவும் போய் இப்போது வாட்ஸப் குழு. “ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு கோயில் மண்டபத்தில் நீர் வழங்கல் சம்பந்தமான கூட்டம், தவறாமல் வரவும்” என்று செய்தி விழுந்தவுடன் கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கும் அது போகிறது. அவன் அங்கிருந்தே, “கக்கூஸ் வீட்டோட சேர்த்துக் கட்டித் தருவாங்களான்னு கேளு” என்று குரல் செய்தி அனுப்புகிறான். தோட்டத்துச் சுகாதாரத்தில் எந்தப் பிரசாரமும் செய்யாத வேலையை இந்தப் பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். கொழும்பிலும் வளைகுடாவிலும் தண்ணீர் வரும் மலசலகூடத்தைப் பயன்படுத்திப் பழகியவர்கள், தீபாவளிக்கு வந்து பொதுக் கக்கூஸில் வரிசை நிற்கச் சங்கடப்பட்டு, கையிலிருந்த காசில் லயத்துக்குப் பின்னால் தகரமும் சீமெந்துக் கல்லும் வைத்து ஒன்றைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கட்டியது என்று கடிதம் வரும். சில இடங்களில் உடைப்பும் உண்டு.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பது சின்ன விஷயமில்லை. நெடுங்காலம் இப்படிக் கூட்டங்கள் கிழமை நாளில், அதிகாரிக்கு வசதியான பத்து மணிக்குத்தான் நடந்தன. பத்து மணிக்குப் பெண்கள் மலையில் நிற்பார்கள். மலையை விட்டு வந்தால் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். அதனால் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது ஓய்வுபெற்ற தாத்தாமாரும் தலைவர்மாரும் மட்டும். தண்ணீர் தூக்குகிறவள் ஒருத்திகூட இல்லாத சபையில் தண்ணீரைப் பற்றித் தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியவர் யாராக இருந்தாலும், நூறு பிரசுரம் அடித்தவரைவிட அதிகம் செய்தவர்.

2015இல் உலக வங்கி 165 மில்லியன் டொலர் கடன் கொடுத்த நீர் வழங்கல், துப்புரவு மேம்பாட்டுத் திட்டம் ஏழு மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. அதில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு. கிராமத்தோடு தோட்டத்தையும் அதில் சேர்த்தார்கள். குடியிருப்பாளர்களே ஓர் அமைப்பை உண்டாக்க வேண்டும், தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும், மாதக் கட்டணம் சேர்க்க வேண்டும், குழாய் உடைந்தால் அவர்களே திருத்த வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. தண்ணீர் ஊறும் இடம் கம்பனியின் குத்தகைக் காணி, குழாய் போகும் பாதை கம்பனியின் தேயிலை. அமைப்பு மட்டும் மக்களுடையது. துரையின் தயவு இல்லாமல் அந்தப் பொருளாளரால் ஊற்றுக்கு வேலி போடவும் முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரட்டுக்களத்தில் நின்று கேட்டவர் இன்றைக்குக் கதிரையில் உட்கார்ந்து கேட்கிறார். மாதர் சங்கத்துப் பெண் எழுந்து, “மீட்டர் வெச்சா யூனிட்டுக்கு எவ்வளவு?” என்று கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வந்துவிட்டது.

இன்னொரு மாற்றம் சட்டத்தில். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளைச் சபையின் சேவைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்குப் போடலாம், சபையின் காசில் தோட்டத்துக் கானைக் கட்ட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே வருடம் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிந்தன. அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை கிடைத்தது. டயகம அதற்குள் வந்தது. 1937இல் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு எண்பது வருடம் கழித்துக் கான் கேட்க ஓர் அலுவலகம்! அந்த அலுவலகத்துக்கும் கொடுப்பினை போதவில்லை. 2023 மார்ச்சில் நாடு முழுவதும் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்று 2025 மே வரை மெம்பர் இல்லாமலே ஓடியது.

சபை அனுப்பும் துண்டுப் பிரசுரத்தின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்களத்தில் எழுதியதைக் கணினியில் போட்டுத் தமிழாக்கி, எழுத்துரு உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி வரும் அறிவித்தல்களை மலையகத்தார் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கழிவுத் தொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறதா, கடன் அட்டையைப் பற்றியா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். தமிழரே பெரும்பான்மையாக இருக்கும் நுவரெலியா மாவட்டத்தில் நடப்பது இது.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். அது புதிய வீடுகள். லயத்தை விட்டு இறங்கித் தனி வீட்டுக்குப் போவது மலையகத்தின் நூற்றைம்பது வருடக் கனவு. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, உறுதிப் பத்திரம், இந்திய உதவியில் கட்டிய 550 சதுர அடி வீடு, உள்ளேயே மலசலகூடம். யாரும் குறை சொல்ல முடியாத காரியம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 43, 44 அடி வரும். கழிவுக் குழிக்கும் குடிதண்ணீர் ஊற்றுக்கும் நடுவே குறைந்தது ஐம்பது அடி வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். காணியின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் வரைக்கும் நேராக அளந்தாலும் ஐம்பது அடி இல்லை.

அது சமதரையில் போட்ட கணக்கு. டயகமவில் சமதரை எங்கே இருக்கிறது? மேல் படியில் ஒரு வீடு, அதன் குழி கீழ் வீட்டின் அடுப்படிக்கு நேர் மேலே. கீழ் வீட்டின் குழி அதற்கும் கீழே. மழை கொட்டும் மாதங்களில் மண் நிறைந்துபோய்க் குழித் தண்ணீர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் கசிகிறது. கசிந்தது அடுத்த படியின் வெட்டுமண்ணில் ஈரமாகத் தெரியும். மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கும் சரிவுகளில் நாமே உள்ளிருந்து தண்ணீர் ஊட்டுகிறோம். முன்பு இருபது குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் வரிசை, இப்போது இருபது குடும்பத்துக்கு இருபது குழி. கௌரவம் கூடியிருக்கிறது. நிலத்துக்குள் போகும் அசுத்தமும் கூடியிருக்கிறது. இரண்டும் உண்மை.

குழி நிறைந்தால் என்ன செய்வது என்பதை வீடு கொடுத்த விழாவில் யாரும் பேசுவதில்லை. கழிவை உறிஞ்சும் பவுசர் நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ இருந்து வர வேண்டும். தோட்டப் பாதையில் பவுசர் ஏறுமா, ஏறினாலும் கடைசி வீட்டுக் குழிக்கு அதன் குழாய் எட்டுமா, உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? பவுசர் வராவிட்டால் மழை நாள் பார்த்துக் குழியை உடைத்துக் கானில் விடுவார்கள், இல்லாவிட்டால் ஒருவரைக் கூப்பிட்டுக் கையால் அள்ளச் சொல்வார்கள். யாரைக் கூப்பிடுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பெரட்டுப் புத்தகத்திலிருந்து அந்தப் பேர் எப்போதோ போய்விட்டது. ஊரின் ஞாபகத்திலிருந்து போகவில்லை.

பெரிய குழாய் போட நாட்டுக்கு வசதியில்லை, மலைச் சரிவில் அது தேவையுமில்லை. சின்னக் குழாய் போதும். இதைச் செய்து காட்டிய இடம் கராச்சியின் ஒராங்கி. 1980இல் அக்தர் ஹமீது கான் என்ற பெரியவர் அந்தக் குடிசைப் பகுதியில் வேலை தொடங்கினார். மாநகர சபையிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்த மக்கள், இருபது முப்பது வீடுள்ள ஒரு சந்து ஓர் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். சந்துக்கு ஒரு பொறுப்பாளரை அவர்களே தேர்ந்தார்கள். வீட்டுக்குள் மலசலகூடமும் சந்தில் குழாயும் அவர்கள் செலவு. அதற்கப்பால் போகும் பெரிய வாய்க்காலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. தொழில்நுட்ப ஆட்கள் மட்டம் பார்த்து, சீமெந்துக் கலவை சொல்லிக் கொடுத்து, கருவி இரவல் கொடுத்தார்கள். ஒரு சந்து முடிந்ததும் அடுத்த சந்து தானாகக் கேட்டு வந்தது. அங்கே பிரசாரம் செய்தது, ஓடிக்கொண்டிருந்த பக்கத்துச் சந்தின் குழாய்தான்.

லயம் என்பதும் ஒரு சந்துதான். பத்து, இருபது குடும்பம், ஒரே வரிசை, ஒரே சரிவு. குழாய் போட இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. தண்ணீர் தானாகவே கீழே ஓடும், பம்பு வேண்டாம். சிரமதானத்தில் பாதையே வெட்டியவர்களுக்கு ஒரு முழ ஆழத்தில் கான் வெட்டத் தெரியாதா என்ன! ஒராங்கிக்காரரிடம் இருந்து டயகமக்காரரிடம் இல்லாதது ஒன்றுதான். ஒராங்கியில் காணிப் பத்திரம் கையில் இல்லாவிட்டாலும், இந்த வீட்டிலிருந்து நம்மை எழுப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. லயத்தில் குடியிருப்பவருக்குச் சுவரில் ஆணி அடிக்கவும் யோசனை. தனக்குச் சொந்தமில்லாத காம்பராவுக்குப் பின்னால், தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், சொந்தக் காசைப் புதைக்க எந்தப் போஸ்டர் சொன்னாலும் மனசு வராது. அறியாமை என்று நூறு வருடமாக எழுதிவந்ததில் பெரும்பங்கு இந்தக் கணக்குத்தான்.

ஆகவே ஏழு பேர்ச்சஸ் கிடைத்த புதுக் குடியிருப்புகளில்தான் இதை முதலில் பேசிப் பார்க்க வேண்டும். இருபது வீட்டுக் கழிவையும் சின்னக் குழாயில் சேர்த்து, குடியிருப்புக்குக் கீழே பொதுத் தொட்டி ஒன்றும் அதையடுத்து வடிகட்டும் படுகையும் வைத்தால், பவுசர் இருபது வீட்டுக்கு ஏற வேண்டாம், ஓர் இடத்துக்கு வந்தால் போதும். கட்டணத்தை இருபதாகப் பிரிக்கலாம். கீழ் வீட்டுக்காரரும் மேல் வீட்டுக்காரரும் மழைக்கு மழை சண்டை போட வேண்டாம். கூட்டத்தில் பேச வேண்டியவை இவை: யார் வீட்டு வாசல் வழியாகக் குழாய் போவது, கட்டணம் கட்டாதவரை என்ன செய்வது, அடைப்பெடுப்பது முறைக்கு முறையா, கூலிக்கா, கூலிக்கென்றால் யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர்க்காமல் பேசும் கூட்டமே நல்ல கூட்டம். வீடு கட்டுமுன்பே பேசியிருந்தால் செலவு பாதி. கட்டியபின் பேசினால் முற்றத்தை உடைக்க வேண்டும்.

அந்தத் தொட்டிக்கும் படுகைக்கும் இரண்டு பேர்ச்சஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர்ச்சஸில் அதற்கு இடமில்லை. குடியிருப்புக்குக் கீழே இருப்பது தேயிலை, கம்பனியின் குத்தகை நிலம். ஹெக்டயருக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு தூர் என்ற கணக்கில் பார்த்தால் இரண்டு பேர்ச்சஸில் நிற்பது சுமார் அறுபது தூர். அதை விட்டுக்கொடுக்க அதிகாரமுள்ளவர் கொழும்பில் கம்பனி அலுவலகத்தில் இருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாட்ஸப்பில் யாருக்கெல்லாம் செய்தி போகிறது என்று பார்த்தேன். அவர் அந்தக் குழுவில் இல்லை.